எட்டுத் தலை, பத்துத் தாலம்: மனித உடலை எதனால் அளக்கிறோம்?

1. கேள்வி

மனித உருவம் வரையப் பழகுகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் கணக்கு ஒன்று உண்டு. உச்சந்தலை முதல் மோவாய் வரை உள்ள உயரத்தை ஓர் அலகாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அலகை எட்டு முறை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் நின்றிருக்கும் முழு ஆள் கிடைத்துவிடுவார். இரண்டாம் கோட்டில் முலைக்காம்பு, மூன்றாம் கோட்டில் தொப்புள், நான்காவதில் கவட்டை, ஆறாவதை ஒட்டி முழங்கால், எட்டாவதில் உள்ளங்கால். ஓவியக் கல்லூரி வகுப்பிலும் தெருமுனை டிராயிங் கிளாஸிலும் இந்த ஏணி ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் வழங்குகிறது. அது ஸ்தபதிகளின் தாலமானம். நவதாலம், தசதாலம் என்ற அதன் பெயர்களை ஒன்பது தலை, பத்துத் தலை என்று பொருள்கொண்டு, ஐரோப்பிய எட்டுத் தலைக்கு எதிரே நிறுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. கிரேக்கர் இயற்கையை ஒட்டி எட்டுத் தலையில் நின்றார்கள், நம்மவர்கள் தெய்வத்தன்மை தோன்றப் பத்துத் தலைவரை நீட்டினார்கள் என்ற முடிவும் இதிலிருந்து பிறக்கிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்த முடிவு, அங்குலக் கணக்கைக் கூட்டிப் பார்க்கிறவர் எதிரில் நிற்பதில்லை. தலையளவு என்பது எதை அளக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதைக் கொண்டு இரண்டு மரபுகளை ஒப்பிடலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. எட்டு என்ற எண் வந்த வழி

ஐரோப்பிய மரபில் இந்த அளவுக்கு எழுத்துச் சான்றாக இன்று நமக்குக் கிடைக்கும் பழைய நூல், ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய கட்டடக்கலை நூல். அதன் மூன்றாம் பகுதியில், மோவாய் முதல் உச்சந்தலை வரை உடலின் உயரத்தில் எட்டில் ஒன்று என்கிறார். அதே இடத்தில், மோவாய் முதல் நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை பத்தில் ஒன்று என்றும் சொல்கிறார். எட்டுத் தலை, பத்து முகம் ஆகிய இரண்டும் ஒரே உடலுக்கான அளவுகள். 1490ஐ ஒட்டி லியனார்டோ டா வின்சி வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே வரைந்த மனிதனின் மேலும் கீழும் எழுதிவைத்த குறிப்பிலும் இவ்விரு பின்னங்களும் இருக்கின்றன. ஆனால் பிற்காலத்துப் பயிற்சி நூல்களில் எட்டு மட்டும் தங்கியது, பத்து நழுவிப்போயிற்று. முகத்துக்கும் தலைக்கும் இடையிலான இந்த வேறுபாடுதான் நம் ஒப்பீட்டுக்கு மிகவும் தேவைப்படுவது.

எட்டு என்ற எண்ணை ஐரோப்பியரே ஒருமனதாக ஏற்கவில்லை. கிரேக்கச் சிற்பி லிசிப்பஸின் உருவங்களுக்கு, அவருக்கு முந்தைய சிற்பிகளின் உருவங்களைவிடத் தலை சிறியது, உடல் மெலிந்தது என்ற கருத்தை ரோமானிய எழுத்தாளர் பிளினியின் நூல் பதிவுசெய்திருக்கிறது. ஒரே நாட்டிலேயே அளவு மாறியிருக்கிறது. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி ஆணின் உயரத்தை எட்டு முகமும் மூன்றில் இரண்டு பங்கும் என்று வகுத்தார். பெண்ணுக்குச் செம்மையான அளவே இல்லை என்று சொல்லி, அவளை அளக்காமலே விட்டுவிட்டார். ஒரு பயிற்சி நூல் மனிதகுலத்தின் பாதியை இப்படி வெளியே நிறுத்தியது இந்த வரலாற்றில் கடந்துபோகக் கூடாத இடம். அளவு என்று சொல்லப்பட்டது உண்மையில் ஒரு தேர்வு என்பதை அது காட்டிவிடுகிறது.

ஆல்பிரெக்ட் டியூரர் எதிர்த்திசையில் போனார். அவர் இறந்த ஆண்டான 1528இல் வெளிவந்த மனித உடலளவு பற்றிய நான்கு நூல்களில், ஏழு தலை உயரமுள்ள பருத்த குடியானவர் முதல் பத்துத் தலை உயரமுள்ள ஒல்லி மனிதர் வரை ஆணும் பெண்ணுமாகப் பல வகைகளை வரைந்து அளவிட்டிருக்கிறார். தலையளவு அவரிடம் வேறுபாட்டைப் பதிவுசெய்யும் கருவியாக மாறியது. அந்தக் கருவியை ஒற்றை எண்ணாகச் சுருக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மருத்துவரும் சிற்பியுமான பால் ரிஷே ஏழரைத் தலை என்ற அளவை முன்வைத்தார். வளர்ந்த ஆண்களைக் கருவிகொண்டு அளந்தால் கிடைப்பதும் ஏறத்தாழ அதுதான்: தலை 22, 23 செ.மீ., உயரம் 165 முதல் 175 செ.மீ. அமெரிக்கப் பத்திரிகை ஓவியரான ஆண்ட்ரூ லூமிஸ் 1943இல் வெளியிட்ட பயிற்சி நூலில் ஏழரைத் தலை உடலை இயல்பானது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் தாளில் அது குட்டையாகத் தெரிகிறது என்று சொல்லி எட்டை இலட்சிய அளவாகவும், எட்டரையை ஃபேஷன் ஓவியத்துக்கும், ஒன்பதை வீர உருவத்துக்கும் ஒதுக்குகிறார். 1978இல் ஸ்டான் லீயும் ஜான் புஸெமாவும் வெளியிட்ட மார்வெல் படக்கதைக் கையேட்டில் சூப்பர் ஹீரோவின் உயரம் எட்டே முக்கால் தலை. இன்று நம் மாணவர்கள் கையில் இருக்கும் எட்டுத் தலை ஏணியில் விட்ருவியஸ் பாதி. அமெரிக்க விளம்பர ஓவியத்தின் தேவை மீதிப் பாதி.

எட்டு நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பாதியாக்கலாம், பாதியின் பாதியாக்கலாம், மறுபடியும் பாதியாக்கலாம். தாளை மடிப்பதுபோல் மூன்றே படிகளில் வேலை முடிந்துவிடும். ஏழரையை அப்படிப் பிரிக்க வழியில்லை. உண்மைக்குக் கிட்டத்தில் இருந்த எண்ணை வகுக்க வசதியான எண் வென்றது என்பது என் கணிப்பு.

3. அங்குலக் கணக்கைக் கூட்டிப் பார்த்தல்

தாலமான முறையில் அடிப்படை அலகு அங்குலம். இது கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. செய்யப்போகும் உருவத்தின் மொத்த உயரத்தை 124 ஆகவோ 120 ஆகவோ 108 ஆகவோ பிரித்து எடுத்த ஒரு பங்குதான் அந்த உருவத்துக்குரிய தேகலப்த அங்குலம். அதில் எட்டில் ஒன்று யவை. பன்னிரண்டு அங்குலம் ஒரு தாலம். உருவம் அரை அடி உயரமானாலும் இருபது அடியானாலும் பங்குகள் மாறுவதில்லை.

து. அ. கோபிநாத ராவ் 1920இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாகக் கொண்டுவந்த தாலமான நூல் ஆகம, சிற்ப நூல்களின் அளவுகளைத் தொகுத்துத் தருகிறது. பிரம்மா, விஷ்ணு, உருத்திரன் ஆகியோருக்குரிய உத்தம தசதாலம் அதில் 124 அங்குலம். அதன் பகுப்பு இது: உச்சி முதல் நெற்றி முடிவரை 4, முகம் பதின்மூன்றரை, கழுத்து 4, கழுத்தடி முதல் மார்பு வரை பதின்மூன்றரை, மார்பு முதல் தொப்புள் வரை பதின்மூன்றரை, தொப்புள் முதல் மூலம் (கவட்டை) வரை பதின்மூன்றரை, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதத்தின் உயரம் 4. கூட்டினால் சரியாக 124 வரும்.

இப்போது இதே உடலை ஓவியக் கல்லூரியின் கணக்கில் அளப்போம். தலை என்றால் உச்சி முதல் மோவாய் வரை. ஆகவே 4ஐயும் பதின்மூன்றரையையும் சேர்த்துப் பதினேழரை அங்குலம். 124ஐப் பதினேழரையால் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல், 7.09. பத்துத் தாலத்து இறைவன் ஏழு தலை உயரந்தான். லூமிஸின் இலட்சிய ஆணைவிட மட்டுமல்ல, ரிஷே அளந்து சொன்ன சாதாரண ஆளைவிடவும் அவருக்குத் தலை சற்றுப் பெரியது.

முகத்தை அலகாக்கிப் பார்த்தாலும் பத்து வருவதில்லை. 124ஐப் பதின்மூன்றரையால் வகுத்தால் 9.19 முகம். தசதாலம் என்ற பெயரில் உள்ள பத்து, பன்னிரண்டு அங்குலத் தாலத்தைப் பத்தால் பெருக்கிய 120இலிருந்து வருகிறது. அதோடு 4 கூட்டினால் உத்தமம், அதுவே மத்திமம், 4 குறைத்தால் அதமம். தாலம் இங்கே தரவரிசையின் பெயராகவும் கணக்கு அலகாகவும் இருக்கிறது. உருவத்தின் முகமோ அந்த அலகைவிட நீளமானது. விட்ருவியஸ் மனிதன் பத்து முகம், எட்டுத் தலை. உத்தம தசதாலத்து மூர்த்தி ஒன்பது முகத்துக்குச் சற்று மேல், ஏழு தலைக்குச் சற்று மேல். நீட்டியவர்கள் நம்மவர்கள் என்ற வழக்கமான கூற்றை எண்கள் தலைகீழாக்கிவிடுகின்றன.

நவதாலத்திலும் இதே நிலை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை தரும் 108 அங்குல உருவத்தில் முகம் 12, கழுத்து 4, உடலின் மூன்று பகுதிகள் 12 வீதம் 36, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. கூட்டினால் இதுவே 108. நெற்றிக்கு மேலுள்ள முடிப்பகுதிக்கு இதில் இடமில்லை. ஆகவே இந்த உருவம் கச்சிதமாக ஒன்பது முகம். முடிப்பகுதிக்கு 4 அங்குலம் சேர்த்தால் உயரம் 112, தலை 16. மறுபடியும் ஏழு தலை.

அப்படியானால் இந்தத் திருமேனிகள் நம் கண்ணுக்கு ஏன் நெடியவையாகத் தெரிகின்றன? நெட்டளவில் இதற்கு விடை கிடைக்காது. உத்தம தசதாலத்தில் உச்சி முதல் மூலம் வரை 62, மூலம் முதல் தரை வரை 62. கவட்டையை நேர்பாதியில் நிறுத்துவதில் லியனார்டோவும் லூமிஸும் ஸ்தபதியும் ஒரே கட்சி. நெடுமை தோன்றுவது ஒடுங்கிய இடையாலும், தசையும் மூட்டும் துருத்தாத வழுவழுப்பான கை கால்களாலும், எல்லாவற்றுக்கும் மேலாக மகுடத்தாலும் என்றே எனக்குப் படுகிறது. மகுடத்தின் உயரம் 124க்குள் அடங்குவதில்லை. ஆனால் பார்க்கிற கண் அதையும் சேர்த்தே உருவத்தை எடுத்துக்கொள்கிறது. மகுடம் ஒரு முகத்தளவு உயர்ந்தாலே பார்வைக்கு உருவம் பத்து முகத்தைத் தாண்டிவிடும்.

உச்சியை விட்டுவிட்டு நெற்றி முடியிலிருந்து அளப்பது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பண்டை எகிப்தியர் நின்றிருக்கும் உருவத்தை உள்ளங்கால் முதல் நெற்றி முடி வரை பதினெட்டுக் கட்டங்களாகப் பிரித்தார்கள். பிற்காலத்தில், 26ஆம் அரச மரபையொட்டி, மேல் இமைவரை இருபத்தொரு கட்டங்களாக அது மாறியது. பொய்முடியும் மகுடமும் உச்சியை மூடிவிடும் கலையில் உச்சி நம்பத்தகுந்த புள்ளியாக இருக்க முடியாது. தலையளவு அலகாக நிலைபெற்றது, தலையைத் திறந்துகாட்டும் நிர்வாண உருவத்தை மையமாகக் கொண்ட மரபில்தான்.

4. பென்சிலும் ஒடி ஓலையும்

எண்களைவிட ஆழமான வேறுபாடு அளக்கும் திசையில் இருக்கிறது. லைஃப் ஸ்டடி வகுப்பில் மாணவர் கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் முனையை மாடலின் உச்சந்தலையில் பொருத்துகிறார். கட்டைவிரலை மெல்ல இறக்கி மோவாயில் நிறுத்துகிறார். விரலுக்கும் முனைக்கும் இடையிலுள்ள அந்தத் துண்டைக் கீழே கீழே இறக்கி எண்ணுகிறார். பகுதியை எடுத்து முழுமைக்குப் போகும் முறை இது.

சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் எதிர்ப்பக்கமிருந்து வருகிறார்கள். தென்னை ஓலையிலிருந்து ஒரு நறுக்கை உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, அதை அளவுப்படி மடித்து ஒடித்துக் குறி செய்துகொள்கிறார்கள். ஒடி ஓலை என்று அதற்குப் பெயர். மெழுகில் உருவம் பிடிக்கையில் முகம், கழுத்து, மார்பு என்று ஒவ்வொன்றுக்கும் அந்த மடிப்புகளே அளவு. இங்கே முழுமை முதலில் முடிவாகிவிடுகிறது. முகம் அதிலிருந்து பிறக்கிறது. மூலவரின் உயரத்தைக் கருவறை, வாயில் போன்றவற்றின் அளவிலிருந்து பெறச் சொல்லும் மரபுக்கு இதுவே பொருந்தும்.

இதன் விளைவு பிழையில் தெரியும். தாளில் 24 செ.மீ. உயர உருவம் வரைகிறவர் 3 செ.மீ. தலையில் இரண்டே மில்லிமீட்டர் தவறினால், எட்டு முறை அடுக்கி முடிக்கையில் அது 16 மில்லிமீட்டராகிவிடும். பாதம் தாளுக்கு வெளியே போகும், அல்லது கால் குறுகும். ஓலையில் ஒரு மடிப்பு பிசகினால் பக்கத்து மடிப்பு அதை ஏற்றுக்கொள்ளும். மொத்த உயரம் அசையாது. அனுபவமுள்ள ஓவிய ஆசிரியர்கள் உச்சியையும் பாதத்தையும் தாளில் முதலில் குறிக்கச் சொல்லி, நடுவைப் பிரித்த பிறகே தலையைச் சரிபார்க்கவைப்பது இதனால்தான். பெயர் எதுவானாலும் அவர்கள் கையாள்வது ஓலையின் வழி.

5. உட்காரும் இடம்

பென்சில் அளவைக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது; பயிற்சி நூல்கள் பெரும்பாலும் இதைப் பேசுவதில்லை. 165 செ.மீ. உயரமும் 22 செ.மீ. தலையும் உள்ள மாடல் 30 செ.மீ. உயர மேடையில் நிற்பதாகவும், தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில் கண் இருக்கும்படி மாணவர் முக்காலியில் உட்கார்ந்திருப்பதாகவும் கொள்வோம். மாடலின் உண்மையான அளவு ஏழரைத் தலை. மாணவர் இரண்டு மீட்டர் தொலைவில் இருந்தால், தலை அவர் கண்ணில் பிடிக்கும் கோணம் ஏறத்தாழ ஐந்தரை பாகை. முழு உடல் ஏறத்தாழ 45 பாகை. வகுத்தால் 8.09 தலை. நான்கு மீட்டர் பின்னால் போனால் அதே மாடல் 7.65 தலையாகிவிடுகிறார்.

தலை கண்மட்டத்துக்கு மேலே, தூரத்தில் இருப்பதும், இடுப்பு நேர் எதிரே, பக்கத்தில் இருப்பதும் காரணம். பென்சிலைச் செங்குத்தாகவே பிடித்து, ஒரே தளத்தில் இறக்கினால் இந்த வேறுபாடு வராது. ஆனால் நீட்டிய கை தோளைச் சுற்றியே இறங்குகிறது. பென்சிலும் பார்வைக்குக் குறுக்காகச் சாய்ந்துவிடுகிறது. நெருக்கடியான வகுப்பில் முன்வரிசை மாணவருக்கு எட்டுத் தலை "நேரில் தெரிவது" இப்படித்தான். புத்தகம் சொன்ன எண்ணைக் கண்ணும் உறுதிசெய்துவிட்டதாக அவர் நம்புவார். மாடல் தலையைத் தாழ்த்தினாலோ நிமிர்த்தினாலோ அலகே சுருங்கிவிடும் என்பது எல்லோரும் அறிந்தது. நிமிர்ந்து நிற்கும்போதே அலகு தொலைவுக்கேற்ப மாறுகிறது என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

6. யாருடைய உடல்

பிறந்த குழந்தை ஏறக்குறைய நான்கு தலை உயரம். உடலும் கால்களும் தலையைவிட வேகமாக வளர்வதால் வயதோடு எண் கூடுகிறது. ஆகவே நாம் வரையும் உருவத்தின் தலையெண்ணைப் பார்வையாளர் முதலில் வயதாக வாசிக்கிறார், பிறகே அழகாக. ஐந்து தலையில் வரைந்த ஆள் தாடி வைத்திருந்தாலும் சிறுபிள்ளைச் சாயலோடு இருப்பார். கார்ட்டூன் ஓவியர்கள் இந்த வாசிப்பை நம்பித்தான் வேலை செய்கிறார்கள்.

தாலமான நூல்களும் இதை அறிந்திருந்தன. பிள்ளையாருக்கு ஐந்து தாலம், பூதகணங்களுக்கு நான்கு என்று வகுத்தபோது பருமனையும் பிள்ளைத்தன்மையையும் எண்ணில் எழுதினார்கள். அபனீந்திரநாத் தாகூர் 1914இல் இந்திய உருவ அளவுகள் பற்றி எழுதிய சிறுநூல் சுக்கிர நீதிசாரத்தை ஒட்டிக் குழந்தைக்கு ஐந்து, குமாரனுக்கு ஆறு, மனித உருவுக்குப் பத்து, உக்கிர உருவுக்குப் பன்னிரண்டு, அசுரனுக்குப் பதினாறு என்று வரிசைப்படுத்துகிறது. வழிபாட்டுக்குரிய உருவங்களைத் தவிர மற்றவற்றில் கலைஞருக்கு இந்த அளவுகள் விலங்காகக் கூடாது என்ற கருத்தும் அந்நூலில் உண்டு. நவீன இந்திய ஓவியர் பலருக்குத் தாலமானம் அறிமுகமானது இந்தச் சிறுநூல் வழியாகத்தான். அங்குலப் பகுப்பைத் தொடாமல் தாலத்தின் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டவர்களுக்கு, அசுரன் பதினாறு தலை உயரம் என்ற படம்தான் மனத்தில் எழும்.

உத்தம, மத்திம, அதமப் படிகளுக்கும் இந்த எச்சரிக்கை தேவை. மத்திம தசதாலம் 120 அங்குலம், தேவியருக்குரியது. 124ஐவிட 120 சிறிய எண் என்பதால் தேவி குள்ளமானவள் என்று பொருளில்லை. இரண்டும் தத்தம் உருவத்தின் சொந்த அங்குலம். பக்கத்தில் நிற்கும் தேவியை ஸ்தபதி எவ்வளவு உயரமாகச் செய்ய வேண்டும் என்பது வேறொரு விதி. தலைக்கணக்கிலோ இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது. மத்திமத்தில் முகம் 13, தலை 17; வகுத்தால் 7.06.

7. அளக்க வேண்டிய மூன்று எண்கள்

பிருகத் சம்ஹிதையில் பலர் தாண்டிப்போகும் ஒரு குறிப்பு உள்ளது. முகத்தின் நீளமும் அகலமும் பன்னிரண்டு அங்குலம் என்று சொன்ன வராகமிகிரர், நக்னஜித் என்ற ஆசிரியர் நீளத்தைப் பதினான்கு அங்குலமாகக் கூறுகிறார் என்றும், அது திராவிட அளவு என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆறாம் நூற்றாண்டிலேயே தெற்கின் உருவத்துக்கு நீண்ட முகம் அடையாளமாகக் கருதப்பட்டிருக்கிறது. 108இல் 14 என்றால் உடல் எட்டு முகம்கூட வராது, 7.7தான்.

இதைக் கல்லிலும் செம்பிலும் சோதிக்க முடியும். நூல் சொல்லும் அளவையும் சிற்பத்தில் உள்ள அளவையும் தனித்தனியே நிறுத்தி ஒப்பிட வேண்டும் என்ற திசையில் ஜான் மோஸ்டெல்லரின் 1991ஆம் ஆண்டு நூல் ஏற்கெனவே வழிகாட்டியிருக்கிறது. ஒவ்வொரு திருமேனிக்கும் மோவாய் முதல் நெற்றி முடி, நெற்றி முடி முதல் உச்சி, நெற்றி முடி முதல் உள்ளங்கால் என்ற மூன்று எண்களைத் தனித்தனியே வெளியிட்டாலே போதும். சடாமகுடம் அணிந்த உருவத்தில் இரண்டாவது எண் ஊகமாகவே இருக்கும்; அப்போது மற்ற இரண்டும் கைகொடுக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் நிற்கும் உருவங்களோடு இதைத் தொடங்கலாம். ஆடும், அமர்ந்த உருவங்கள் பிறகு.

அளப்பவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் கணக்கிட முடியும். நெற்றி முடி முதல் உள்ளங்கால் வரை 75 செ.மீ. உள்ள திருமேனியை எடுத்துக்கொள்வோம். வராகமிகிரரின் நவதாலத்தில் அதன் முகம் 8.33 செ.மீ. உத்தம தசதாலத்தில் 8.44. நக்னஜித் அளவில் 9.72. முதலிரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. நூற்றாண்டுகளாக அபிஷேகமும் துலக்கலும் கண்டு மூக்கும் மோவாயும் தேய்ந்த திருமேனியில் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தேடிப் பயனில்லை. இது நவதாலம், இது தசதாலம் என்று முகத்தைப் பார்த்து வகைப்படுத்தி எழுதப்படும் குறிப்புகளுக்கு அளவின் ஆதாரம் இருக்க முடியாது. நக்னஜித்தின் முகமோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டது. எந்தத் தேய்மானமும் அதை மறைத்துவிடாது. அது தென்னகச் சிற்பத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு காலிப்பரும் ஒரு நூலும் கொண்டு தீர்த்துவிடலாம்.